காயாத மை

‘மை’ என்பது ஓரெழுத்துச் சொல்லே ஆயினும் அதன் பொருள் ஓரிடத்தில் நிற்பதில்லை. கண்ணுக்கு இடுவதும் மை; காகிதத்தில் எழுதுவதும் மை; மாட்டு வண்டியின் அச்சிலிருந்து வேட்டியில் ஒட்டிக்கொண்டு, எந்தச் சோப்புக்கும் அசையாமல் நிற்பதும் மைதான். 38 ஆண்டுகள் கணக்குப் பேரேடுகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். நீல மை, சிவப்பு மை, மேலதிகாரிகளுக்கென்றே ஒதுக்கிய பச்சை மை என்று எல்லா மைகளோடும் பழகியவன். ஆகவே மையைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்றொரு செருக்கு உள்ளூர இருந்து வந்தது. அந்தச் செருக்கு 2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மும்பை மாதுங்காவில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஒரு சிறிய அச்சுப்பொறியின் முன்னால் அழிந்தது. எப்படி அழிந்தது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

திருவையாற்றில் இருக்கும் என் அக்காவுக்கு அப்போது 82 வயது. எனக்கு 74. எங்கள் தாயார் 1966ஆம் ஆண்டில் காலமானார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு புகைப்படம். 1962இல், அக்காவின் திருமணத்தையொட்டித் தஞ்சாவூரில் ஒரு நிலையத்தில் எடுத்தது. சாய்வில்லாத நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, படம் எடுப்பவர் மூச்சு விடச் சொல்வாரா மாட்டாரா என்று காத்திருக்கும் முகம். அந்த நிலையம் மூடப்பட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. நெகட்டிவும் அதோடு போயிற்று. படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் என்னிடம் வந்து சேர்ந்தது.

ஜூன் மாத இறுதியில் அக்கா தொலைபேசியில் பேசினார்.

“தம்பி, எனக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது. டாக்டர் இனிமே இவ்வளவுதான்னுட்டாரு. அம்மா படத்தைப் பெரிசாப் போட்டு எடுத்துக்கிட்டு வாயேன். சட்டமெல்லாம் வேண்டாம். கையில வச்சுக்கிட்டுப் பாக்கணும்.”

ஆடி அமாவாசை அவ்வாண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் வந்தது. தாயாருக்கு எள்ளும் நீரும் இறைக்க நான் எப்படியும் காவிரிக்கரைக்குப் போக வேண்டியவன். “கொண்டு வருகிறேன் அக்கா” என்று சொல்லிவிட்டேன். சொல்வதற்கு எளிதாகத்தான் இருந்தது.

சட்டத்தைக் கழற்றப் போனபோதே முதல் தடை. பழைய படங்களில் உருவம் இருப்பது காகிதத்தில் அன்று. காகிதத்தின் மேல் பூசிய ஜெலட்டின் படலத்தில். ஈரக் காற்றில் அப்படலம் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பலவந்தமாகப் பிரித்தால் முகத்தின் ஒரு பகுதி கண்ணாடியோடு போய்விடும். எங்கள் படத்தில் இடப்பக்கம் தோளருகே அப்படி ஒட்டியிருந்தது. ஆகவே பிரிக்காமல், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்வது என்று முடிவாயிற்று. அந்தக் காரியத்தைக் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி செய்து கொடுத்தாள். கணிப்பொறியின் திரையில் தாயார் முகம் முழுநிலவு போல் வந்து நின்றது. கண்ணின் ஓரத்தில் இட்டிருந்த மையின் கோடு கூடத் தெரிந்தது.

வெளியில் கொடுத்து அச்சிட எனக்கு மனம் வரவில்லை. வீட்டிலேதான் பொறி இருக்கிறதே, இருபது தாள் கொண்ட பளபளப்பான புகைப்படத் தாள் கட்டும் வாங்கியாயிற்றே என்று துணிந்தேன். முதல் தாள் மெல்ல மெல்ல வெளியே வந்தது. நெற்றி வந்தது, புருவம் வந்தது, கண் வந்தது. ஆவலை அடக்கமாட்டாமல் இரு கையாலும் ஏந்தினேன். என் கட்டைவிரல் பட்ட இடத்தில் தாயாரின் கூந்தல் இழுபட்டுக் கன்னத்தின் மேல் வழிந்தது.

கணக்கன் புத்தி எங்கே போகும்? ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தேதி, தாள் எண், நேர்ந்த பிழை என்று மூன்று பத்திகள் கிழித்து எழுதத் தொடங்கினேன். அந்த நோட்டு இப்போதும் என் மேசையில் இருக்கிறது.

முதல் தாளின் எதிரே ‘ஈரத்தில் தொட்டது’ என்று எழுதினேன். மும்பையின் மழைக்காலத்தை அறிந்தவர்கள் அந்த முடிவைக் குறை கூறமாட்டார்கள். ஜூலையில் இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். அப்பளம் நமுத்துப் போகும், தீக்குச்சி பற்றாது, உலர்த்திய வேட்டி மூன்றாம் நாளும் குளிர்ந்திருக்கும். மை மட்டும் உடனே காயுமா? இரண்டாம் தாளை அச்சிட்டு, எவரும் தொடக்கூடாதென்று உத்தரவிட்டு, இரவு முழுவதும் மேசைமேல் கிடத்தினேன். காலையில் விரல் நுனியால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். கூந்தல் மீண்டும் விரலோடு வந்தது.

மூன்றாம் தாளில் நேர்ந்தது முழுக்க என் தவறு. தாளைத் தலைகீழாக வைத்துவிட்டேன். மையை வாங்கிக்கொள்ளும் பூச்சு அத்தாளின் ஒரு பக்கத்தில்தான் உண்டு. மறுபக்கத்தில் விழுந்த மை, தாமரை இலைத் தண்ணீர் போல் முத்து முத்தாக நின்று, தாளைத் தூக்கியதும் ஆறாக ஓடிற்று. எந்தப் பக்கம் சரியான பக்கம் என்று அறியப் பேத்தி ஒரு வழி சொன்னாள். விரலைச் சிறிது ஈரமாக்கித் தாளின் மூலையைத் தொட்டால், பூச்சுள்ள பக்கம் விரலை இலேசாகப் பற்றும், மற்றது வழுக்கிவிடும்.

அடுத்த மூன்று தாள்கள் என் பொறுமையின்மைக்குப் பலி. மை தீற்றுகிறதென்றால் மை வரும் வாயில் அழுக்கு இருக்கவேண்டும் என்று நானாகவே தீர்ப்பு எழுதி, பொறியின் ‘தலையைச் சுத்தம் செய்யும்’ கட்டளையை மூன்று முறை கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் பொறி முனகியது, மை குறைந்தது, நோய் தீரவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்த மருந்து வேறொரு நோய்க்கு உரியதென்று. மைத் துளைகள் அடைபட்டுப் படத்தில் வெள்ளைக் கோடுகள் விழுந்தால் அதைச் செய்யலாம். தீற்றலுக்கு அது பயன்படாது. வயிற்று வலிக்குக் கண் மருந்து விட்ட கதை.

ஏழாம் தாளில் புதியதொரு சங்கடம். நடுப்படம் நன்றாக இருந்தது. மேல் மூலை இரண்டிலும் கறுப்புக் கீறல்கள். கட்டைப் பிரித்து மேசைமேல் திறந்தபடி வைத்திருந்தேன் அல்லவா? ஈரக் காற்றைக் குடித்துத் தாள்களின் நுனி வளைந்திருந்தது. அச்சுத் தலை தாளுக்கு மேலே மயிரிழை இடைவெளியில் ஓடுவது. வளைந்த நுனி அதில் உரசினால் கீறல் விழாமல் என்ன செய்யும்? தாள்களைக் கட்டுக்குள்ளேயே வைத்து, அச்சிடும்போது ஒன்றே ஒன்றை எடுத்து, நுனி வளைந்திருந்தால் எதிர்ப்புறமாக மென்மையாக வளைத்து நிமிர்த்திக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

எட்டாம் தாளில் ஒரே அளவு இடைவெளி விட்டுவிட்டு மங்கலான கறைகள். முன்னே நான் வழியவிட்ட மையெல்லாம் பொறிக்குள் தாளை இழுக்கும் உருளைகளில் படிந்து, உருளை ஒரு சுற்றுச் சுற்றும்தோறும் ஒரு முத்திரை வைத்திருக்கிறது. செய்த வினை திரும்பி வருவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. எழுதாத சாதாரணத் தாள்களைக் கறை நிற்கும் வரை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே செலுத்தி உருளைகளைத் துடைத்தோம். ஆறாவது தாள் வெள்ளையாகவே வெளிவந்தது.

ஒன்பதாம் தாள். ஓரத்தில் கீறல் இல்லை, கறை இல்லை, சரியான பக்கம், ஓர் இரவு ஆறவிட்டதும் ஆயிற்று. ஆயினும் கறுப்பு மட்டும் விரலோடு வந்தது. அப்போதுதான் அந்த ‘மட்டும்’ என்ற சொல் என் மனத்தில் தைத்தது. பழைய படம் பழுப்பேறியது; ஆதலால் சேலையும் முகமும் பழுப்பும் செம்மையும் கலந்த நிறத்தில் அச்சாகியிருந்தன. அவற்றை அழுத்தித் தேய்த்தாலும் அசையவில்லை. கூந்தலும், கண்ணின் கருமணியும், கண்ணில் இட்ட மையும்தான் கலைந்தன. ஈரமே காரணம் என்றால் எல்லா நிறமும் அன்றோ கலைய வேண்டும்?

விரல் நுனியில் ஒட்டிய கறுப்பைக் கட்டைவிரலால் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்தத் தேய்ப்பின் மென்மை எங்கோ அறிந்ததாக இருந்தது.

1964ஆம் ஆண்டில் அக்காவுக்கு முதற்குழந்தை பிறந்திருந்தது. தாயார் வீட்டிலேயே கண்மை செய்தார். கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, அதைத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கேற்றி, இரு புறமும் செங்கல் வைத்து, அவற்றின் மேல் ஒரு பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைப்பார். காற்றில் சுடர் ஆடாமல் காவல் இருப்பது பதினான்கு வயதுப் பையனாகிய என் வேலை. தட்டின் அடியில் படிந்த கரியை மறுநாள் சுரண்டி, சில துளி ஆமணக்கெண்ணெய் விட்டுக் குழைப்பார். மிஞ்சியதை நான் விரலில் தடவிச் சுவரில் கோடிழுத்து விளையாடினேன். மறுவாரம் அந்தச் சுவரில் சாய்ந்த அப்பாவின் சட்டையில் அக்கோடு ஏறிக்கொண்டது. அடி விழுவதற்கு முன் தாயார் குறுக்கே வந்து சொன்னது நினைவிருக்கிறது: “அது கரிடா. எண்ணெயில கரையாது, காயவும் காயாது. எதுல வச்சாலும் மேலாக்கத்தான் இருக்கும்.”

அறுபது ஆண்டுகளுக்குப் பின் அந்த வார்த்தைதான் வழி காட்டியது. பேத்தியை அழைத்து, “நம் பொறியில் கறுப்பு மை எதனால் செய்தது?” என்று கேட்டேன். அவள் கையேட்டைத் தேடி எடுத்துப் படித்தாள். மூன்று வண்ண மைகளும் சாயம். கறுப்பு மட்டும் நிறமி.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். சாயம் நீரில் கரைந்துவிடுவது. நீர் போகுமிடமெல்லாம் தானும் போவது. நிறமியோ நீரில் மிதக்கும் நுண்துகள். கறுப்பு நிறமி என்பது பெரும்பாலும் கரித்துகளே. தாயாரின் பித்தளைத் தட்டில் படிந்த அதே குலம். சாதாரணத் தாளில் கடிதம் அச்சிடும்போது நீர் நாருக்குள் இறங்கிவிடும். கரி நாரின் மேல் சிக்கி நிற்கும். அதனால் எழுத்து கூர்மையாகத் தெரியும். புகைப்படத் தாளில் நார் மேலே இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கொண்ட பூச்சுதான் மேலே இருக்கிறது. சாயம் அத்துளைகளில் இறங்கி அடங்கிவிடும். கரி உள்ளே நுழையமாட்டாமல், பிடித்துக்கொள்ளவும் ஒன்றுமில்லாமல், வாசலிலேயே நின்றுவிடும். ஓர் இரவு அன்று, ஒரு மாதம் உலர்த்தினாலும் விரல் பட்டால் வந்துவிடும். நம் முன்னோர் ஓலையில் எழுத்தாணியால் கீறிய பின் கரியைத் தடவித் துடைத்தார்கள். கீறலில் இறங்கிய கரி எழுத்தாக நின்றது. வழுவழுப்பான மேற்பரப்பில் இருந்தது துணியோடு போயிற்று. அந்த உண்மையையே இந்தப் பொறி எனக்கு ஒன்பது தாள் செலவில் மறுபடியும் கற்பித்தது. (புகைப்படத் தாளில் நிற்பதற்கென்றே பிசின் சேர்த்துச் செய்த நிறமி மைகளும் உண்டு, எங்கள் பொறியில் இருந்தது அவ்வகை அன்று.)

அப்படியானால் பொறியை உருவாக்கியவர்கள் இதை அறியாதவர்களா? அறிந்தவர்கள்தாம். ஜப்பானில் கேனன் நிறுவனத்து ஆய்வாளர் இச்சிரோ எண்டோ 1977ஆம் ஆண்டில் மை நிரப்பிய ஊசியின் மேல் தற்செயலாகச் சூடான பற்றுக்கோல் பட்டு மை தெறிப்பதைக் கண்டு, வெப்பத்தால் மைத்துளியைச் செலுத்தலாம் என்று உணர்ந்தார் என்பது இத்தொழிலின் புகழ்பெற்ற செய்தி. அன்று தெறித்த துளி இன்று சில பிக்கோலிட்டர் அளவுக்குச் சிறுத்திருக்கிறது. ஒரு பிக்கோலிட்டர் என்பது ஒரு லிட்டரின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு நுட்பமாக எண்ணியவர்கள் தாளை எண்ணாமல் இருப்பார்களா? ‘தாளின் வகை என்ன?’ என்று பொறி ஒவ்வொரு முறையும் நம்மைக் கேட்கிறது. நாம் ‘புகைப்படத் தாள்’ என்று சொன்னால், எங்கள் பொறி போன்றவை கரி மையைத் தொடாமல், மூன்று சாயங்களையும் கலந்தே கறுப்பை ஆக்கிக்கொள்ளும். ‘சாதாரணத் தாள்’ என்றால் கரி மையை எடுக்கும்.

திரையில் பார்த்தேன். ‘சாதாரணத் தாள்’ என்றே இருந்தது. ஒன்பது முறையும் பொறி கேட்ட கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை. முன்பு எவரோ வாடகை ரசீது அச்சிட்டபோது குறித்தது அப்படியே நின்றிருக்கிறது. பொறி என் சொல்லை நம்பியது. நானோ மையைக் குறை கூறினேன், காற்றைக் குறை கூறினேன், மழையைக் குறை கூறினேன்.

“தாத்தா, முதல்லயே என்னைக் கேட்டிருந்தா ஒன்பது தாள் மிச்சம்” என்றாள் பேத்தி. உண்மைதான். ஆனால் அந்தக் கறுப்பை விரலில் தேய்த்துப் பார்த்திராவிட்டால் 1964ஆம் ஆண்டு எனக்குத் திரும்பி வந்திருக்காது. ஆகவே அந்த ஒன்பது தாளை நான் நட்டக் கணக்கில் எழுதவில்லை.

பத்தாம் தாள் வந்தது. இந்த முறை கைநீட்டவில்லை. சில நிமிடம் கழித்து ஓரத்தைப் பிடித்து எடுத்து, ஒரு முழு நாள் தூசு படாமல் கிடத்தி வைத்தோம். மையில் நீரோடு வேறு திரவங்களும் கலந்திருக்கின்றன. அவை மெதுவாகவே வெளியேறும். அவசரப்பட்டுக் கண்ணாடிக்குள் அடைத்தால் கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்தாற்போல் மங்கிவிடும் என்றும் அறிந்துகொண்டேன். சாயம் கலந்து பிறந்த கறுப்பில் மிக நுண்ணிய செம்மை ஒன்று இருந்தது. பார்ப்பவர் கண்ணுக்குக் குறையாகத் தோன்றுமோ என்று அஞ்சினேன். இருந்தும் கூந்தலின் மேல் விரலை வைத்து இழுத்துப் பார்த்தேன். விரல் வெறுமையாக வந்தது.

அவ்வாண்டு ஜூலை இறுதியில் மேட்டூர் அணை நிரம்பியது. ஆடி அமாவாசையன்று திருவையாற்றுப் படித்துறையில் காவிரி சிவந்த நீரோடு போய்க்கொண்டிருந்தாள். கடனை முடித்துவிட்டு அக்கா வீட்டுக்குச் சென்று, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்த படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அக்கா திண்ணை வெளிச்சத்துக்கு நகர்ந்து, படத்தை முகத்தருகே கொண்டுவந்து, வெகு நேரம் பார்த்தார். பின்பு, நான் எதற்கு அஞ்சியிருந்தேனோ அதையே செய்தார். வலக்கைப் பெருவிரலால் நெற்றியிலிருந்து மெல்லத் தடவிக்கொண்டே வந்தார். கூந்தலைத் தடவினார், கண்ணைத் தடவினார். எதுவும் கலையவில்லை. இடப்புருவத்தின் மேல் விரல் நின்றது.

“இங்க ஒரு தழும்பு இருக்கும் தம்பி. சின்ன வயசுல அம்மிக்கல்லுல விழுந்தது. போட்டோக்காரன் அழிச்சிட்டான்.”

அந்நாளில் நெகட்டிவின் மேல் பென்சிலால் தீட்டி முகத்தின் வடுக்களை மறைப்பது நிலையங்களின் வழக்கம் என்பதை அறிவேன். ஆனால் தாயாருக்குப் புருவத்தில் தழும்பு இருந்ததை நான் அறியேன். பதினாறு வயது வரை அந்த முகத்தைப் பார்த்து வளர்ந்தவன். அதன் பிறகு 58 ஆண்டுகள் படத்தையே பார்த்துவந்தவன். படம் எதைக் காட்டியதோ அதுவே எனக்குத் தாயார் முகம் ஆகிவிட்டது. கண் மங்கிய அக்காவிடமோ, படத்தில் இல்லாததும் அப்படியே பதிந்திருந்தது.

“எனக்கு ஞாபகமே இல்லையே அக்கா” என்றேன்.

“நீ எப்ப அவங்க முகத்தைப் பாத்த? கையைத்தானே பாத்துக்கிட்டிருப்ப, என்ன தின்னக் கொடுக்கப் போறாங்கன்னு” என்று அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். “இங்க. ஒரு அரிசி நீளம்.”

மும்பைக்குத் திரும்பியதும், ‘தாளின் வகை பார்’ என்று ஒரு சீட்டில் எழுதி அச்சுப்பொறியின் நெற்றியில் ஒட்டினேன். கணக்கு நோட்டில் பத்தாம் தாளுக்கு எதிரே ‘பிழை இல்லை’ என்று எழுதப் பேனாவை எடுத்தேன். சிறிது யோசித்து, ‘இடப்புருவத்தில் தழும்பு இல்லை’ என்று எழுதி வைத்தேன்.